காலி மைதானத்தைப் பார்க்கக் காசு கொடுக்கலாமா? லார்ட்ஸ் டூர் பற்றிக் கேட்டவருக்கு

அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். தங்கை லண்டனில் இருக்கிறார், ஜூலையில் அப்பாவை அழைத்துக்கொண்டு போகிறோம். அப்பாவுக்கு 72 வயது, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 1983 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தை ரேடியோவில் கேட்டதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பவர். லார்ட்ஸ் மைதானத்துக்குள் கைடு கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டுகிறார்களாம், ஆளுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. மேட்சும் கிடையாது, கூட்டமும் கிடையாது. காலி மைதானத்தைப் பார்க்க இவ்வளவு கொடுக்கலாமா அண்ணாச்சிமாரே என்று.

கேள்வி காசைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். ஆட்டம் நடக்காத நாளில் ஒரு மைதானத்தில் பார்க்க என்னதான் இருக்கிறது, கிரிக்கெட்டைக் காதால் கேட்டே வளர்ந்த ஒரு பெரியவருக்கு அது போய்ச் சேருமா? இதுதானே கேள்வி? அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மாவட்ட அளவில் பல வருடம் அம்பயராக நின்றிருக்கிறேன், பள்ளி மைதானத்தில் பிட்ச் போடுகிற வேலையையும் பார்த்திருக்கிறேன். லார்ட்ஸையும் மெல்போர்னையும் உங்களைப் போலவே டிக்கெட் வாங்கித்தான் சுற்றிப் பார்த்தேன். அதனால் மண், ஸ்டம்ப், ஆட்ட விதி இந்த மூன்றிலும் நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட் விலை, டூர் புறப்படும் நேரம், எந்த அறையைத் திறந்து காட்டுவார்கள் என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றை மைதானத்தின் இணையதளத்தில் பார்ப்பதே சரி.

அப்பாவுக்காக என்றால் போங்கள், காசு வீணாகாது. ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். தெரியாமல் போனால் ஒரு பழைய கட்டடம், ஒரு புல்வெளி, ஆயிரக்கணக்கில் வெள்ளை நாற்காலிகள், அவ்வளவுதான் கண்ணில் படும்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். லார்ட்ஸ் என்றால் ஏதோ பிரபுக்களின் மைதானம் என்று நம் பக்கம் நினைத்துக்கொள்கிறார்கள். தாமஸ் லார்ட் என்ற வியாபாரி அமைத்த மைதானம் அது. 1787இல் ஓரிடத்தில் ஆரம்பித்தார், பிறகு இன்னோரிடம் போனார், அந்த இடத்தின் வழியாகக் கால்வாய் வெட்டப் போகிறார்கள் என்றதும் அதையும் விட்டுவிட்டு 1814இல் இப்போதைய இடத்துக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் புல்தரையைப் பெயர்த்துக் கையோடு எடுத்து வந்தார் என்பது வரலாறு. மைதானத்தின் சொந்தக்காரர் மெரில்போன் கிரிக்கெட் கிளப், அதாவது எம்.சி.சி. அரசாங்கமும் இல்லை, இங்கிலாந்து கிரிக்கெட் வாரியமும் இல்லை. உலகம் முழுக்க அம்பயர்கள் கையில் வைத்திருக்கும் ஆட்ட விதிகளை எழுதித் திருத்துவதும் இன்றுவரை அந்த கிளப்தான். நெல்லையில் அம்பயர் பரீட்சைக்கு நாங்கள் உட்கார்ந்து மனப்பாடம் செய்ததெல்லாம் அங்கே அச்சானதுதான். அந்த மரியாதை எனக்கு அந்த இடத்தின் மேல் உண்டு. அதனால் நான் கொஞ்சம் சாய்வாகப் பேசுகிறேன் என்று தோன்றினால் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

டூரில் பெரும்பாலும் முதலில் மியூசியம், அப்புறம் ஆட்டக்காரர்களும் கிளப் உறுப்பினர்களும் இருக்கும் பெவிலியன் கட்டடம், அதற்குள் லாங் ரூம் என்ற கூடம், டிரெஸ்ஸிங் ரூம், ஸ்டாண்டுகள், மீடியா சென்டர் என்று போகும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடக்கவும் நிற்கவும் வேண்டியிருக்கும். இதில் உங்கள் அப்பாவுக்கு முக்கியமானது வெளிநாட்டு அணிகள் உட்காரும் டிரெஸ்ஸிங் ரூம். பெவிலியன் 1890இல் கட்டி முடித்தது, செங்கல் நிறத்துக் கட்டடம். உள்ளே போனால் டிரெஸ்ஸிங் ரூம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை, சுற்றிலும் பெஞ்சு, ஜன்னல், வெளியே பால்கனி. இன்றைய ஐ.பி.எல். அணிகளின் அறைகளைப் போட்டோவில் பார்த்தவர்களுக்கு இது ஒரு பழைய ஹாஸ்டல் அறை போலத் தோன்றும். சுவரில் இருக்கும் பெயர்ப்பலகைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டில் சதம் அடித்தவர்கள், ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர்கள், ஒரு ஆட்டத்தில் பத்து விக்கெட் எடுத்தவர்கள், இவர்கள் பெயர் மட்டும்தான் ஏறும். இங்கிலாந்துக்காரர்களின் பலகை அவர்கள் அறையில், வந்து ஆடியவர்களின் பலகை இந்த அறையில்.

அதில் வினு மங்கட் 1952இல் 184 ரன்னுக்காக ஒரு பலகையிலும், அதே ஆட்டத்தில் எடுத்த ஐந்து விக்கெட்டுக்காக இன்னொரு பலகையிலும் இருக்கிறார். திலீப் வெங்சர்க்கார் 1979, 1982, 1986 என்று மூன்று தடவை. அந்த 1979 டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் நாம் 96 ரன்னுக்குச் சுருண்டோம், இரண்டாவது இன்னிங்ஸில் வெங்சர்க்காரும் விஸ்வநாத்தும் சதம் அடித்து ஆட்டத்தை டிராவில் முடித்தார்கள். கேப்டன் நம் மெட்ராஸ்காரர் வெங்கட்ராகவன். 1996இல் முதல் டெஸ்டிலேயே கங்குலி 131. அதே ஆட்டத்தில் அதே மாதிரி முதல் டெஸ்ட் ஆடிய டிராவிட் 95இல் அவுட், அதனால் பலகையில் இல்லை. அவர் 2011இல் திரும்பி வந்துதான் ஏறினார். 2014இல் ரஹானேயின் 103, புவனேஷ்வர் குமாரின் ஆறு விக்கெட், இஷாந்த் சர்மாவின் ஏழு விக்கெட். கே.எல். ராகுல் 2021இலும் 2025இலும்.

இல்லாத பெயர்களையும் தேடிப் பாருங்கள், அதில்தான் ருசி. டெண்டுல்கர் இல்லை. லாரா இல்லை. ஷேன் வார்னும் இல்லை. கவாஸ்கர் 1987இல் அங்கே 188 அடித்தார், ஆனால் அது எம்.சி.சி.யின் இருநூறாம் ஆண்டு விழா ஆட்டம், டெஸ்ட் இல்லை. எனவே அவருக்கும் கிடையாது. உங்கள் அப்பா சொல்லிக்கொண்டிருக்கும் 1983 இறுதி ஆட்டத்துக்காகவும் ஒரு பெயர்கூட ஏறவில்லை. இரண்டு அணியிலும் சேர்த்து அன்று அதிகபட்ச ஸ்கோர் ஸ்ரீகாந்தின் 38 ரன். மொஹிந்தர் அமர்நாத்தும் மதன்லாலும் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். 183 அடித்துவிட்டு வெஸ்ட் இண்டீஸை 140இல் முடித்த ஆட்டம், ஊர் உலகமே பேசிய ஆட்டம், அந்தப் பலகைக் கணக்கில் வரவே வராது. ஆனால் அந்த அறைக்கு வெளியே இருக்கும் பால்கனியில் நின்றுதான் கபில் கோப்பையைத் தூக்கிக் காட்டினார், 2002இல் கங்குலி சட்டையைக் கழற்றிச் சுற்றினார். பால்கனிக்கு விடுகிறார்களா என்று கைடிடம் கேளுங்கள். விட்டால் அப்பாவை அங்கே கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். போட்டோ எடுக்கிற அவசரத்தில் அந்த நேரத்தைத் தின்றுவிடாதீர்கள்.

அப்புறம் அந்த அறையிலிருந்து ஆட்டக்காரர்கள் களத்துக்குப் போகும் வழி. படி இறங்கி, லாங் ரூமுக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் கோட்டு சூட்டு போட்ட கிளப் உறுப்பினர்கள் நிற்க நடுவில் நடந்து, கதவைத் தாண்டி, மறுபடி படி இறங்கி, சின்ன வெள்ளைக் கேட் வழியாகப் புல்லில் கால் வைக்க வேண்டும். டி.வி.யில் கேட்டிலிருந்துதான் காட்டுவார்கள், அதற்கு முந்தைய பாதி தெரியாது. டூரில் அதை நீங்களே நடந்து பார்க்கலாம். அவுட் ஆகித் திரும்பி வருபவனுக்கும் அதே வழிதான், அதே முகங்கள்தான். 2023இல் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆஷஸ் தொடரில், இங்கிலாந்தின் பேர்ஸ்டோவை ஸ்டம்பிங் செய்தது சரியா என்று தகராறு நடந்த அன்று ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களை லாங் ரூமில் வைத்தே உறுப்பினர்கள் சிலர் சண்டைக்கு இழுத்தார்கள், கிளப் மூன்று பேரை இடைநீக்கம் செய்தது. அந்த இடம் எவ்வளவு குறுகல் என்று நேரில் பார்த்தால், அப்படி நடந்ததில் ஆச்சரியம் இருக்காது. டேவிட் ஸ்டீல் என்ற இங்கிலாந்து பேட்ஸ்மேன் 1975இல் முதல் டெஸ்டுக்கு இறங்கும்போது ஒரு மாடி கூடுதலாக இறங்கிக் கழிப்பறைப் பக்கம் போய் நின்றுவிட்டார் என்று கைடுகள் சொல்வார்கள். படிகளைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. தங்கையும் கூட வருகிறார் என்றால் இதையும் சொல்லி வையுங்கள்: பெண்களை உறுப்பினராகச் சேர்க்க அந்த கிளப் ஓட்டுப் போட்டு ஒத்துக்கொண்டது 1998இல்தான்.

இப்போது நான் மிகவும் விரும்பிப் பார்த்த விஷயத்துக்கு வருகிறேன். லார்ட்ஸ் மைதானம் சமமான தரை இல்லை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, அதாவது பெவிலியனில் நின்று பார்த்தால் இடது கைப் பக்கத்திலிருந்து வலது கைப் பக்கமாக, ஏறக்குறைய இரண்டரை மீட்டர் சரிவு. எட்டடி! கமெண்டேட்டர்கள் ஸ்லோப், ஸ்லோப் என்று வாய் ஓயாமல் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். டி.வி. கேமரா உயரத்தில் இருப்பதால் திரையில் தட்டையாகத்தான் தெரியும். நேரில் போனாலும் ஸ்டாண்டின் மேல் வரிசையில் உட்கார்ந்தால் தெரியாது. பவுண்டரி ஓரத்துக்கு அழைத்துப் போகும்போது தாழ்ந்த பக்கமாக நின்று, கொஞ்சம் குனிந்து, எதிர்ப்பக்கத்து விளம்பரப் பலகையின் அடியைப் பாருங்கள். புல் உங்களை நோக்கி இறங்கி வருவது அப்போது பிடிபடும். முதல் தடவை நான் நிமிர்ந்தும் குனிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன், கூட வந்தவர்கள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள்.

இந்தச் சரிவு ஆட்டத்தை என்ன செய்யும்? பிட்ச் சரிவுக்குக் குறுக்கே கிடக்கிறது. பெவிலியன் பக்கத்திலிருந்து பந்து போட்டால், தரையில் பட்ட பந்து வலது கை பேட்ஸ்மேனுக்கு உள்ளே வர முயலும். எதிர் முனையான நர்ஸரி எண்டிலிருந்து போட்டால் வெளியே போக முயலும். இதுவரைக்கும் நிச்சயம். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத் 1997இல் அங்கே 38 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார், அவரைப் போல ஸ்டம்புக்கு நெருக்கமாக நேராகப் போடுகிறவருக்கு இந்தச் சரிவு சும்மா கிடைத்த கூட்டாளி. ஆனால் அங்கே விழுகிற எல்லா விக்கெட்டையும் சரிவின் கணக்கில் எழுதுவது கமெண்டரிக்காரர்களின் பழக்கம், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேகம், ஈரம், தையல் எழும்பிய புதுப் பந்து இவையெல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. சரிவு பாதி நேரம் பேட்ஸ்மேனின் தலைக்குள்தான் இருக்கிறது. வெளியே போகும் என்று எதிர்பார்த்து, நேராக வந்த பந்தை ஆடாமல் விட்டு அவுட் ஆனவர்கள் நிறைய. அம்பயருக்கும் தொல்லைதான். எல்.பி.டபிள்யூ. கேட்கும்போது பந்து எந்தக் கோட்டில் போகிறது என்று சமதரையில் பழகிய கண் ஏமாறும்.

மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் கோவில்பட்டி, விளாத்திகுளம் போனால் கரிசல். திசையன்விளை, சாத்தான்குளம் போனால் சிவந்த தேரி. ஆற்றங்கரையில் வண்டல். பிட்சுக்குக் களி வேண்டும், களி இல்லாத மண் உருட்டினாலும் இறுகாது, இரண்டு ஓவரில் புழுதியாகிவிடும். தேரி மண்ணை அள்ளிப் போட்டு என்ன உருட்டினாலும் பயனில்லை. கரிசல் இறுகும், ஆனால் தண்ணீர் குடித்து உப்பி, காய்ந்ததும் வாய் பிளக்கும். அதனால் சலித்த மண்ணை மெல்லிய அடுக்காகப் போட்டு, நனைத்து, காயவிட்டு, ரோலர் ஓட்டி, அதன் மேல் அடுத்த அடுக்கு. ரோலரில் மண் அப்பினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட வேண்டும். இவ்வளவு பாடுபட முடியாத பள்ளிக்கூடங்களில் நாங்கள் கயிற்றுப் பாயை விரித்து ஆணி அடித்து ஆடினோம்.

லார்ட்ஸில் புல்லை மிதிக்க விடமாட்டார்கள், கைடு ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். ஓரத்தில் நின்றே நடுவில் வரிசையாகக் கிடக்கும் பிட்சுகளைப் பார்க்கலாம். ஒன்று வெளுத்து, ஒன்று பச்சையாக, ஒன்று அப்போதுதான் விதைத்து மூடி. ஒரு பிட்சின் முழு வாழ்க்கையும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். மேட்ச் நாளில் நம் கண் பந்தின் மேல் இருப்பதால் இதைக் கவனிக்கவே மாட்டோம். மெல்போர்னில் கதை வேறு. அங்கே குளிர்காலத்தில் அதே தரையில் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடுவதால், பிட்சை வெளியே தட்டில் வளர்த்துக் கொண்டுவந்து பதிக்கிறார்கள். லட்சம் பேர் உட்காரும் பிரமாண்டம் அது. முதல் டெஸ்ட் ஆட்டம் 1877இல் நடந்த இடம். ஆனால் மண் பிடித்தவனுக்கு லார்ட்ஸ்தான் ருசி.

இன்னொன்று, லார்ட்ஸில் பிட்சுகளைச் சுற்றியிருக்கும் வெளிப்பக்கத் தரை முழுவதையும் 2002-03 குளிர்காலத்தில் தோண்டி, களிமண்ணை எடுத்துவிட்டு மணல் அடித்தளம் போட்டார்கள். முன்பெல்லாம் மழை விட்டாலும் ஈரம் போகாமல் ஆட்டம் தொடங்க வெகுநேரம் ஆகும், இப்போது தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. ஜூலை லண்டன் மழை நம் குற்றாலச் சாரல் மாதிரி, வந்தது தெரியாமல் வந்து போகும். நீங்கள் போகிற அன்று தூறினால் வருத்தப்படாதீர்கள், மைதானத்து ஆட்கள் காற்று மெத்தையில் மிதந்து வருகிற பெரிய கவரை நகர்த்தி மூடுவதைப் பார்க்கிற அதிர்ஷ்டம் கிடைக்கலாம்.

டேவர்ன் ஸ்டாண்டுக்கும் மவுண்ட் ஸ்டாண்டுக்கும் நடுவே மேலே பாருங்கள், அரிவாளைத் தோளில் போட்ட ஒரு கிழவர் குனிந்து ஸ்டம்பின் மேல் வைக்கும் சின்னக் கட்டையான பெயிலை எடுத்துக்கொண்டிருப்பார். காற்றுத் திசை காட்டி அது. 1926இல் அங்கிருந்த கிராண்ட் ஸ்டாண்டை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கர் அன்பளிப்பாகக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தாக்குதலைத் தடுக்கப் பறக்கவிட்ட பலூனின் கம்பி சிக்கி இறங்கிவந்த கதையும் அதற்கு உண்டு. எங்களுக்கு, அதாவது அம்பயர்களுக்கு, அந்தக் கிழவர் சொந்தக்காரர். ஆட்டம் முடிந்தது என்று டைம் சொன்னதும் இரண்டு பக்கமும் பெயிலை எடுக்க வேண்டும் என்பது விதி. நெல்லையில் ஆனி, ஆடிக் காற்றில் இதைச் செய்ய வேலையே இருக்காது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று பெயிலை ஓவருக்கு நாலு தடவை தள்ளும், பந்து போட ஓடிவருபவன் பாதியில் நிற்பான், கீப்பர் முணுமுணுப்பான். கனமான பெயில் வைத்துப் பார்ப்போம், அதுவும் நிற்காவிட்டால் இரண்டு அம்பயரும் பேசி பெயில் இல்லாமலே ஆடலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. ஒரு பக்கம் எடுத்தால் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் ஸ்டம்ப் மேல் பட்டதா இல்லையா என்று அம்பயர்தான் முடிவு செய்ய வேண்டும், அங்கேதான் சண்டை ஆரம்பம்.

மியூசியத்தில் கைடு சொல்வதைக் கொஞ்சம் பிரித்துக் கேளுங்கள். ஆஷஸ் ஜாடி பத்து சென்டிமீட்டர் சொச்சம்தான் உயரம், அதைப் பார்த்ததும் இதற்கா இவ்வளவு சண்டை என்று அப்பா கேட்பார். 1882இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து தோற்றதும், இங்கிலாந்து கிரிக்கெட் செத்துவிட்டது என்று ஒரு பத்திரிகை கேலியாக மரண அறிவிப்பு போட்டது, அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியா போன இங்கிலாந்து கேப்டன் ஐவோ பிளைக்கு இந்த ஜாடி கிடைத்தது, அவர் இறந்த பிறகு மனைவி எம்.சி.சி.க்குக் கொடுத்தார். இவை நிச்சயம். உள்ளே இருப்பது எரித்த பெயிலின் சாம்பலா வேறு எதுவுமா என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. யார் ஜெயித்தாலும் ஜாடி அங்கேயேதான் இருக்கும். அதன் பக்கத்தில் எங்கேயாவது பாடம் செய்த ஒரு சிட்டுக்குருவியும் பந்தும் இருக்கும், தேடுங்கள். 1936இல் கேம்பிரிட்ஜுக்காகப் பந்து போட்ட ஜஹாங்கீர் கானின் பந்தில் அடிபட்டுச் செத்த குருவி என்று எழுதியிருக்கும். ஜஹாங்கீர் 1932இல் இதே லார்ட்ஸில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டில் இருந்தவர். குருவி ஸ்டம்ப் அருகே செத்துக் கிடந்தது வரைக்கும் நம்புகிறேன். பந்து பறக்கும் வழியில் பறவையை அடித்தது என்கிற பகுதியைப் பாதிதான் நம்புவேன்.

மீடியா சென்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1999 உலகக்கோப்பைக்காகக் கட்டியது, முழுக்க அலுமினியம், படகு கட்டுகிறவர்கள் செய்து கொடுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் பிடிக்காது, உள்ளே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது, பவுலர் கைக்கு நேர் பின்னால் மொத்த மைதானமும் விரியும். அங்கேயிருந்து பார்த்தால் சரிவு மறுபடி மறைந்துவிடும், அதையும் சோதித்துப் பாருங்கள்.

எப்போது போக வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் கூட வந்து, அவர்களுக்கு கிரிக்கெட்டில் ஆசை இல்லை என்றால் அவர்களுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், அரை மணியில் சிணுங்குவார்கள். உங்களுக்கே ஆட்டத்தின் சத்தமும் கூட்டமும்தான் முக்கியம் என்றால், மிடில்செக்ஸ் கவுண்டி அணி அங்கேதான் சொந்த ஆட்டங்களை ஆடுகிறது, அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து ஒரு நாள் வெயிலில் உட்கார்ந்து பாருங்கள். ஆனால் அன்றைக்கு டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் போக முடியாது. ஒன்றுதான் முடியும் என்றால், அப்பாவுக்கு டூர், உங்களுக்கு மேட்ச் என்பது என் கட்சி. டெஸ்ட் நாட்களிலும் பெரிய ஆட்டங்களுக்கு முன்னாலும் டூர் இருக்காது, ஜூலையில் அங்கே ஆட்டங்கள் நெருக்கமாக இருக்கும். எனவே விமான டிக்கெட் போட்ட கையோடு டூர் தேதியையும் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும்போதே அப்பாவுக்கு முழங்கால் எப்படி என்று சொல்லிப் படி ஏறாத வழி உண்டா என்று கேளுங்கள், அது பழைய கட்டடம், படிகள் அதிகம். சுரங்க ரயிலில் ஜூபிலி லைனில் செயின்ட் ஜான்ஸ் வுட் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். கோடை என்று நம்பிச் சட்டையோடு கிளம்ப வேண்டாம், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

கைடு பேசுவது வேகமான இங்கிலீஷாக இருக்கும், நகைச்சுவையெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. அப்பா சங்கடப்பட்டுப் பின்னால் ஒதுங்கக் கூடாது என்றால் இங்கேயே ஒரு வேலை செய்யுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு காலையில் அவரை நம் பக்கத்து மைதானம் ஒன்றுக்குக் கூட்டிப் போங்கள். தாழையூத்துக்குப் பக்கத்தில் சங்கர் நகர் சிமெண்ட் கம்பெனி மைதானம் இருக்கிறது. 2016இல் டி.என்.பி.எல்., அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக், தொடங்கியபோது ஆட்டம் நடந்த மூன்று மைதானங்களில் அது ஒன்று. கம்பெனி இடம், உள்ளே போக முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு கல்லூரி மைதானம் போதும். காலை ஆறரை மணிக்குப் பிட்சுக்குத் தண்ணீர் விடுகிறவரிடம் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். ஸ்டம்ப் பக்கத்தில் நின்று எதிர் ஸ்டம்பைப் பார்க்கட்டும், இருபத்திரண்டு கஜம் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று ரேடியோ மட்டுமே கேட்டவருக்குத் தெரிந்திருக்காது. பவுண்டரி வரைக்கும் நடந்து வரட்டும். அதற்குப் பிறகு லார்ட்ஸுக்குப் போனால், கைடு பேசுவதில் பாதி புரியாவிட்டாலும் கண்ணுக்குப் புரியும்.

கடைசியாக, 1983 ஆட்டத்தில் ரிச்சர்ட்ஸ் அடித்த பந்தைக் கபில் திரும்பி ஓடிப் பிடித்தாரே, மதன்லால் போட்ட பந்து. அது எந்த முனையிலிருந்து போட்டது, கபில் எந்தப் பக்கம் ஓடினார் என்று கைடிடம் நீங்களே கேளுங்கள். அந்த டூர் கைடுகளில் பலர் வயதான கிரிக்கெட் பைத்தியங்கள், இந்த மாதிரி கேள்விக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுவார்கள். அந்தப் பக்கம் மேடா பள்ளமா என்று பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.